உங்களுக்குத் தெரியுமா? பேட்டரிக்கு எந்தச் சட்டம்?

மின்சாரம் தயாரிப்பவருக்கு ஒரு சட்டம், வாங்குபவருக்கு ஒரு சட்டம், கம்பியில் கொண்டுபோகிறவருக்கு இன்னொரு சட்டம். மின் சந்தையைத் திறந்துவிட்ட நாடுகள் எல்லாம் இப்படித்தான் விதி எழுதி வைத்திருந்தன. மதியம் வாங்கி இரவில் விற்கும் பேட்டரி நிலையங்கள் வந்ததும் மூன்று சட்டங்களும் திணறிப்போயின. யார் எப்படிச் சமாளித்தார்கள், எங்கே சறுக்கினார்கள், நம் ஊரில் நிலைமை என்ன? வாருங்கள், பார்ப்போம்.

● பேட்டரி நிலையத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பது மெகாவாட். மொத்தம் எவ்வளவு கொடுக்கும் என்பது மெகாவாட்-மணி. 100 மெகாவாட், 200 மெகாவாட்-மணி என்றால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும். ஒரு மெகாவாட்-மணி என்பது நம் மின்கட்டணக் கணக்கில் 1,000 யூனிட். ‘இத்தனை மெகாவாட் பேட்டரி வருகிறது’ என்று மட்டும் சொல்கிற செய்தி பாதிச் செய்திதான்.

● போட்டதை அப்படியே திருப்பித் தரும் சேமிப்பு எதுவும் கிடையாது. நீரை மேலேற்றிச் சேமித்தால் நூற்றுக்கு 70 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும். லித்தியம் பேட்டரியில் 85 அல்லது அதற்குச் சற்று மேல். இந்தியாவின் பேட்டரி ஒப்பந்தங்களில் 85 சதவீதம் திரும்ப வந்தாக வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.

● பேட்டரி நிலையம் பிழைப்பதும் மூழ்குவதும் அது வாங்கும் மின்சாரத்துக்கு எந்த விலை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விளங்குவதற்காக ஒரு கணக்கு. விலைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. மதியம், வெயில் கொளுத்தும்போது சந்தையில் யூனிட் 2.50 ரூபாய். 1,000 யூனிட் வாங்கினால் 2,500 ரூபாய். இழப்பு போக இரவில் கைக்கு வருவது 850 யூனிட். அதை 8 ரூபாய்க்கு விற்றால் 6,800 ரூபாய். மிச்சம் 4,300. அதில்தான் கடன், வட்டி, சம்பளம், தேய்மானம் எல்லாம் போக வேண்டும். இப்போது ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். ‘பேட்டரியும் மின்சாரம் வாங்குகிறது, ஆகவே அதுவும் நுகர்வோர், கடைக்கும் ஆலைக்கும் உள்ள சில்லறைக் கட்டணத்தை அதுவும் கட்டட்டும்’ என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிடுகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாங்கும் செலவே 8,000. இரவில் எல்லாவற்றையும் விற்றாலும் 1,200 ரூபாய் கைநஷ்டம். பேட்டரி அதேதான், வெயில் அதேதான், இரவுத் தேவையும் அதேதான். மாறியது விதிப்புத்தகத்தின் ஒரு வரி.

● அந்த வரியை அமெரிக்கா 2018 பிப்ரவரி 15 அன்று தெளிவாக எழுதியது. மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 841-ஆம் உத்தரவு அது. திரும்ப விற்பதற்காகப் பேட்டரி வாங்கும் மின்சாரத்துக்கு அந்த இடத்தின் மொத்தச் சந்தை விலையே பொருந்தும். பேட்டரி விற்பவராகவும் வாங்குபவராகவும் விலை கேட்கலாம். 100 கிலோவாட் அளவுள்ள சிறிய பேட்டரிக்கும் சந்தைக்குள் இடம் கொடுத்தாக வேண்டும். ‘உள்ளூர்க் கம்பிகளில் தொங்கும் பேட்டரிகள் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை’ என்று மாநில ஆணையங்கள் வழக்குப் போட்டன. 2020 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மத்திய ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

● அந்த உத்தரவு டெக்ஸஸ் சந்தையைக் கட்டுப்படுத்தாது. டெக்ஸஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் மாநில எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் மத்திய ஆணையத்தின் சந்தை விதிகள் அங்கே செல்லாது. நெடுங்காலம் அங்கே ஒரே பேட்டரி இரண்டு பேராகப் பதிவாகியிருந்தது. கொடுக்கும்போது மின்நிலையம், வாங்கும்போது கட்டுப்படுத்தக்கூடிய சுமை. 2025 டிசம்பரில் வந்த புதிய சந்தை முறையில்தான் அது ஒரே கருவியாகக் கணக்கில் ஏறியது.

● ஆஸ்திரேலியாவிலும் இதே இரட்டைப் பதிவு இருந்தது. விற்பதற்குப் பத்து விலைப் படிகள், வாங்குவதற்குப் பத்து விலைப் படிகள் என்று தனித்தனியே எழுதிக்கொடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் அங்குள்ள எரிசக்திச் சந்தை ஆணையம் புதிதாக ஒரு பதிவு வகையை உருவாக்கியது. 2024 ஜூன் 3 முதல் பேட்டரி ‘இருவழி அலகு’. இருபது விலைப் படிகளும் ஒரே தாளில். முடிவெடுத்ததற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே இரண்டரை ஆண்டுகள். சந்தையின் கணினிகளையும் கணக்கு முறையையும் மாற்ற அவ்வளவு காலம் பிடிக்கிறது. இந்தியாவில் விதி எழுதுகிறவர்கள் இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே தொடங்கினால் நல்லது.

● பிரிட்டனில் பேட்டரிக்காரர்கள் ஒரே மின்சாரத்துக்கு இருமுறை வரி கட்டினார்கள். காற்றாலை, சூரியசக்திக்கு மானியம் கொடுக்க நுகர்வோரிடம் வசூலிக்கும் தீர்வையை, சேமிக்க வாங்கும்போது பேட்டரியும் கட்டியது. அதே மின்சாரம் இரவில் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரரும் கட்டினார். 2020-இல் உரிம நிபந்தனையைத் திருத்தி இதற்கு முடிவு கட்டினார்கள். சேமிப்பை மின் உற்பத்தியின் தனித்த உட்பிரிவாகச் சட்டத்தில் ஏற்றியது 2023-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம்.

● இங்கிலாந்தில் ஒரு காலத்தில் எழும்பிய பேட்டரி நிலையங்கள் பலவற்றின் அளவு 49.9 மெகாவாட். 50-ஐத் தாண்டினால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் ஆகிவிடும். உள்ளூர் மன்றத்தின் அனுமதி போதாது, அமைச்சர் வரை கோப்பு போக வேண்டும். 2020 இறுதியில் பேட்டரிகளுக்கு இந்த வரம்பை நீக்கினார்கள். அதன் பிறகு பெரிய பேட்டரிகள் தாராளமாக வரத் தொடங்கின.

● ஐந்து நிமிடம் பெரிதா, முப்பது நிமிடம் பெரிதா? ஆஸ்திரேலியாவில் எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உத்தரவு போகும். ஆனால் பணம், ஆறு உத்தரவுகளின் விலையைச் சராசரி எடுத்து அரை மணிக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டது. ஒரு ஐந்து நிமிடத்தில் விலை விண்ணைத் தொட்டால் அந்த நொடியே பாய்ந்து உதவக்கூடியது பேட்டரி. சராசரியில் அதன் கூலி கரைந்துபோகும். அடுத்த 25 நிமிடத்தில் ஆடி அசைந்து வந்து சேரும் நிலையத்துக்கும் அதே விலை கிடைக்கும். இதை மாற்றும்படி 2015-இல் மனு கொடுத்தது பேட்டரி நிறுவனம் எதுவும் கிடையாது. குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில் உள்ள சன் மெட்டல்ஸ் என்ற துத்தநாக ஆலை. மின்சாரத்தை ஏராளமாகத் தின்னும் ஆலை அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 1 முதல், கணக்கும் ஐந்து நிமிடத்துக்கு வந்தது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகப் பிடித்த சீர்திருத்தம் இதுதான். மானியம் ஒரு காசு இல்லை. அளக்கும் முறையைச் சரிசெய்தார்கள், அவ்வளவே.

● இந்தியாவில் ஒரு நாள் என்பது 96 துண்டுகள். ஒவ்வொன்றும் 15 நிமிடம். மின் சந்தையில் நாளைய மின்சாரம் இந்த 96 துண்டுகளுக்கும் தனித்தனி விலையில் ஏலம் போகிறது. 2023-இல் இருந்து நாள்-முன் சந்தையில் யூனிட்டுக்கு உச்சவரம்பு 10 ரூபாய். நுகர்வோருக்கு இது பாதுகாப்பு. அதே சமயம் இரவு விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கும், அதை நம்பிப் பேட்டரி போடுகிறவரின் வருமானத்துக்கும் இதுவே கூரை.

● கலிஃபோர்னியாவின் பெரிய பேட்டரிகள் பெரும்பாலும் நான்கு மணி நேரம் தாங்குபவை. ஏன் நான்கு? வேதியியல் காரணம் ஏதுமில்லை. ‘நெருக்கடி நேரத்துக்குக் கைகொடுக்கும் திறன் இவ்வளவு’ என்று ஒரு நிலையத்துக்குச் சான்று கொடுக்கும்போது, தொடர்ந்து நான்கு மணி நேரம் தாங்கும் அளவையே அங்கே கணக்கில் எடுப்பார்கள். 100 மெகாவாட் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்றால் 50 மெகாவாட் என்றே எழுதிக்கொள்வார்கள். ஆகவே எல்லோரும் நான்கு மணி நேரத்துக்குக் கட்டினார்கள்.

● அந்தக் கணக்கை நடுவழியில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அவசரத்துக்குத் தயாராக நிற்பதற்கு அங்கே ஏலம் விட்டுப் பணம் கொடுக்கிறார்கள். அரை மணி நேரம் மட்டுமே தாங்கும் பேட்டரியையும் முதலில் 96 சதவீதம் நம்பகமானது என்று வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில், நான்கு ஆண்டு கழித்து வரவேண்டிய திறனுக்கான ஏலத்தில், அதை 18 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்கள். இறக்கியது நியாயம்தான். குளிர்கால மாலையில் மின்தட்டுப்பாடு அரை மணியில் முடிந்துவிடாது. ஆனால் தொடக்கத்திலேயே சரியாக எழுதியிருந்தால் பணம் போட்டவர்கள் தவித்திருக்க மாட்டார்கள்.

● மின்கட்டமைப்பின் நாடித்துடிப்பு 50 ஹெர்ட்ஸ். இந்தியாவில் அது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. தேவை கூடினால் துடிப்பு குறையும், உற்பத்தி கூடினால் ஏறும். இதைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே தனிச் சேவை இருக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் வெளியிட்ட துணைச் சேவை விதிகளில் பேட்டரிக்கும் இடம் உண்டு. கட்டுப்பாட்டு மையத்தின் கணினி நான்கு நொடிக்கு ஒருமுறை ‘கூட்டு, குறை’ என்று சமிக்ஞை அனுப்பும். இரண்டாம் நிலைச் சேவை தருபவர் 30 நொடிக்குள் அசைய வேண்டும், 15 நிமிடத்துக்குள் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். அனல் மின்நிலையம் இந்த 15 நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படாது.

● வேகத்துக்குத் தனிக் கூலி கொடுக்கச் சொன்னது அமெரிக்க ஆணையத்தின் 755-ஆம் உத்தரவு, 2011-இல். பென்சில்வேனியாவை உள்ளடக்கிய பி.ஜே.எம். சந்தையில் உடனே பேட்டரிகள் வரிசை கட்டின. வேகமாக ஏறி இறங்கும் சமிக்ஞை அவற்றுக்கென்றே இருந்தது. கொடுத்ததும் வாங்கியதும் கால் மணி நேரத்தில் சமமாகிவிடும் என்பதால் 15 நிமிடம் தாங்கும் சிறிய பேட்டரியே போதுமானதாக இருந்தது. 2017 ஜனவரியில் சமிக்ஞையை மாற்றினார்கள். சிறிய பேட்டரிகள் மூச்சு வாங்கின, வருமானம் விழுந்தது, உரிமையாளர்கள் ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

● தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 செப்டம்பரில் அந்த மாநிலமே இருளில் மூழ்கியது. ‘100 நாளில் பேட்டரியை அமைத்து முடிக்காவிட்டால் இலவசம்’ என்று ஈலான் மஸ்க் பந்தயம் கட்டி, 2017 டிசம்பர் 1 அன்று பேட்டரி ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. அதில் 70 மெகாவாட்டைக் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக மாநில அரசு ஒதுக்கிக்கொண்டது. மீதி 30 மெகாவாட்டை வைத்து உரிமையாளர் சந்தையில் வாங்கி விற்கலாம். பொதுநலமும் வியாபாரமும் ஒரே கருவியில் எப்படிச் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு எளிய முன்மாதிரி.

● அதே ஹார்ன்ஸ்டேல் 2022-இல் 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது பலருக்குத் தெரியாது. துடிப்பு தடுமாறும்போது கைகொடுக்கத் தயாராக நிற்பதற்கு அது கூலி வாங்கிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில் குயின்ஸ்லாந்தின் கோகன் கிரீக் அனல் நிலையம் திடீரென நின்றபோது, ஏற்றுக்கொண்ட அளவுக்கு அது கொடுக்கவில்லை. ஆராய்ந்ததில் 2019 ஜூலை முதல் நவம்பர் வரை சொன்ன அளவுக்கு அதனால் கொடுக்க முடியாத நிலை இருந்தது தெரிந்தது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தயாராக நிற்பதற்குப் பணம் என்றால், நிற்கிறதா என்று அளந்து பார்க்கும் கருவியும் ஆளும் வேண்டும். விபத்து நடக்கிற நாள் வரை காத்திருந்தால் மக்கள் கட்டும் பணம் வீண்.

● கம்பி வைத்திருப்பவர் பேட்டரியும் வைத்துக்கொள்ளலாமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு மின்சந்தை ஆணை பொதுவாகக் கூடாது என்கிறது. எல்லோருடைய மின்சாரத்தையும் சுமப்பவர் சந்தையில் இறங்கித் தன் சரக்கையும் விற்றால் மற்றவர்களுக்கு நியாயம் கிடைக்காது என்பது காரணம். ஏலம் விட்டும் வேறு யாரும் முன்வராவிட்டால், ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு விலக்கு உண்டு.

● டெக்ஸஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய சிற்றூர் பிரெசிடியோ. 1948-இல் போட்ட, ஏறத்தாழ 60 மைல் நீளமுள்ள ஒற்றை மின்பாதைதான் ஊருக்கு உயிர்நாடியாக இருந்தது. இடி விழுந்தால் ஊரே இருட்டு. 2010-இல் மின்தொடரமைப்பு நிறுவனம் ஒன்று அங்கே 4 மெகாவாட் சோடியம்-சல்ஃபர் பேட்டரியை நிறுவியது. அதைக் கம்பியின் ஒரு பாகமாகவே மாநில ஆணையம் ஏற்று, செலவைக் கம்பிக் கட்டணத்தில் சேர்க்க அனுமதித்தது. மறு ஆண்டே, மொத்தச் சந்தையில் விற்கும் சேமிப்பு நிலையம் மின் உற்பத்தி நிலையமே என்று மாநிலம் சட்டம் போட்டது. உற்பத்தி செய்வது கம்பி நிறுவனங்களுக்கு அங்கே விலக்கப்பட்ட தொழில். பிரெசிடியோ போன்ற ஊர்களுக்குத் தேவைப்படுவது சந்தை பேட்டரி இல்லை, கம்பியின் பாதுகாப்பு. விதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

● கட்டாயப்படுத்தினால் பேட்டரி வரும், ஆனால் ஓடுமா? சீனாவில் பல மாகாணங்கள், புதிய சூரிய, காற்றாலைத் திட்டங்கள் கூடவே பேட்டரியும் வைத்தால்தான் அனுமதி என்றன. பேட்டரிகள் குவிந்தன. அனுமதிக்காக வைத்தவை என்பதால் பல இடங்களில் சும்மா கிடந்தன. 2025 பிப்ரவரியில் வெளியான தேசிய அறிவிப்பு, அனுமதிக்கு அப்படி நிபந்தனை வைக்கக் கூடாது என்று நிறுத்தியது. அதே பிப்ரவரியில் இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம், புதிய சூரிய மின் டெண்டர்களில் திட்ட அளவில் குறைந்தது 10 சதவீதத்துக்கு, இரண்டு மணி நேரம் தாங்கும் சேமிப்பைச் சேர்க்கும்படி அறிவுரை அனுப்பியது. நம் அறிவுரையில் நல்ல நோக்கம் இருக்கிறது. ஆனால் பேட்டரியை எப்போது இயக்குவது, அதற்கு யார் கூலி கொடுப்பது என்பதை டெண்டரிலேயே தெளிவாக எழுதாவிட்டால் சீனத்துக் கதை இங்கேயும் நடக்கும்.

● தென் கொரியா சூரிய மின்சாரத்தோடு பேட்டரி சேர்த்தவர்களுக்குத் தாராளமாகச் சலுகை அள்ளிக் கொடுத்தது. பாதுகாப்பு விதிகள் பின்னால் வந்தன. 2017 ஆகஸ்ட் முதல் 2019 மே வரை 23 பேட்டரி நிலையங்களில் தீ. அரசு அமைத்த குழு, மின்னதிர்ச்சிப் பாதுகாப்புக் குறைபாடு, தூசியும் ஈரமுமான சூழல், அவசர கதியில் பொருத்தியது, ஒருங்கிணைந்த கட்டுப்பாடு இல்லாதது என்று காரணங்களை அடுக்கியது.

● கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2025 ஜனவரி 16 அன்று பெரும் தீ. பழைய எரிவாயு மின்நிலையத்தின் டர்பைன் கூடத்துக்குள்ளேயே பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த மார்ச் மாதமே மாநில ஆணையம், மின்நிலையங்களுக்கு உள்ள பராமரிப்புத் தரவிதிகளைப் பேட்டரிகளுக்கும் விரிவாக்கி, அவசரகாலத் திட்டத்தையும் கட்டாயமாக்கியது.

● இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலுக்குச் சற்று முன். பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவு முழுவதும் இருண்டது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, கூரைகளில் இருந்து சூரிய மின்சாரம் ஏராளம், தடுமாற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும் கனமான சுழலிகள் குறைவு. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கும்படி இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கடன் வாங்கித் தகடு போட்ட குடும்பங்கள் வெயில் நேரத்தில் அதை அணைத்துவைக்க வேண்டிய நிலை. சேமிப்பு இல்லாததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. துணைமின்நிலையங்களில் பேட்டரி அமைக்க அந்த ஆண்டே அங்கு ஏல அழைப்பும் விடப்பட்டது.

● இந்தியாவின் மின்சாரச் சட்டம் 2003-இல் வந்தது. அதன் விளக்கப் பட்டியலில் உற்பத்தி உண்டு, தொடரமைப்பு உண்டு, பகிர்மானம் உண்டு, வணிகம் உண்டு. சேமிப்பு இல்லை. அந்த இடைவெளியை 2022 டிசம்பரில் வந்த திருத்த விதிகள் நிரப்பின. சேமிப்பு நிலையம் மின் அமைப்பின் ஒரு பகுதி. தனித்தும் இயங்கலாம், உற்பத்தியோடும் கம்பியோடும் பகிர்மானத்தோடும் சேர்ந்தும் இயங்கலாம். எங்கே பயன்படுகிறதோ அந்த இடத்தின் தகுதி அதற்கு. உற்பத்தி நிறுவனம், தொடரமைப்பு நிறுவனம், பகிர்மான நிறுவனம், கட்டமைப்பை இயக்குபவர், தனியார் சேமிப்பாளர் என யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

● அதே விதியில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. பேட்டரியின் சேமிப்பு இடத்தை முழுதாகவோ பகுதியாகவோ விற்கலாம், குத்தகைக்கு விடலாம், வாடகைக்கும் விடலாம். கிடங்கு ஒருவருடையது, உள்ளே இருக்கும் நெல் மூட்டைகள் வேறு பலருடையவை என்பது போல. திருப்பூரின் சிறு பின்னலாடை ஆலைகள் பல சேர்ந்து ஒரு பேட்டரியில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி திறந்திருக்கிறது. ஆனால் ஐரோப்பா சாத்திவைத்த கதவை நாம் அகலத் திறந்துவைத்திருக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். கம்பிக்காரரே சேமிப்பாளராகவும் இருந்தால் யாருக்கு முதலிடம் என்று கண்காணிக்கும் பொறுப்பு ஆணையங்கள் தலையில்.

● பகிர்மான நிறுவனங்கள் தாங்கள் விநியோகிக்கும் மின்சாரத்தில் குறிப்பிட்ட பங்கைச் சேமிப்பின் வழியே கொடுக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் மத்திய அரசு இலக்கு வைத்தது. 2023-24-இல் 1 சதவீதம், 2029-30-இல் 4 சதவீதம். சேமித்ததில் ஆண்டுக்குக் குறைந்தது 85 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக இருந்தால்தான் கணக்கில் சேரும். நிலக்கரி மின்சாரத்தை நிரப்பிவைத்துப் பசுமைக் கணக்கு காட்ட முடியாது.

● 2031-32-க்குள் இந்தியாவுக்கு ஏறத்தாழ 74 ஜிகாவாட் சேமிப்பு தேவைப்படும் என்று 2023-இல் வெளியான தேசிய மின்சாரத் திட்டம் மதிப்பிட்டது. அதில் 47 ஜிகாவாட்டுக்கு மேல் பேட்டரி, மீதி நீரேற்று நிலையங்கள்.

● விலை விழுந்த வேகத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் இந்திய சூரியசக்திக் கழகத்தின் ஏலத்தில், இரண்டு மணி நேர பேட்டரிக்கு மெகாவாட் ஒன்றுக்கு மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய். 2024 மார்ச்சில் குஜராத்தில் 4.49 லட்சம். அந்த ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானில், மத்திய அரசின் மானியத்தோடு, 2.21 லட்சம். நாளுக்கு ஒருமுறை நிரப்பி இறக்கினால் மாதம் 60,000 யூனிட். யூனிட்டுக்கு வாடகை அன்று 18 ரூபாய், ராஜஸ்தானில் 3.70 ரூபாய் அளவு. நாளுக்கு இருமுறை இயக்க முடிந்தால் அதுவும் பாதியாகும். எனவே ஒப்பந்தத்தில் ‘நாளுக்கு எத்தனை முறை’ என்ற வரியை மின்வாரியங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

● அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம் அது; 4,000 மெகாவாட்-மணிக்கு, மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை. மக்கள் பணம் வாங்கும் பேட்டரி, தன் திறனில் குறைந்தது 85 சதவீதத்தைப் பகிர்மான நிறுவனங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல நிபந்தனை.

● தமிழ்நாட்டின் மிகப் பழைய, மிகப் பெரிய ‘பேட்டரி’ ஆனைமலையில் இருக்கிறது. கடம்பாறை நீரேற்று மின்நிலையம். மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். 1980-களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரம் தலைகீழாகச் சுழன்று தண்ணீரை மேலே தள்ளும். தேவை எகிறும் நேரத்தில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி மின்சாரமாகும். கட்டியபோது மிஞ்சும் நேரம் என்றால் நள்ளிரவு. இன்று தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் பெருகியதில் நடுப்பகலும் மிஞ்சும் நேரம். இயந்திரம் மாறாமலே அதன் கால அட்டவணையை மாற்றி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டமும் கட்டப்பட்டு வருகிறது.

● பேட்டரியே இல்லாமல் மின்சாரத்தைச் சேமித்த ஊர் கோவை. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலும் பல்லடத்திலும் சுற்றும் சொந்தக் காற்றாலை தந்த யூனிட்டுகளை, ஆலைகள் மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைக்கும். காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும். இதற்கு ‘பேங்கிங்’ என்றே பெயர். வரவில் ஒரு பங்கை வாரியம் கட்டணமாகக் கழித்துக்கொள்ளும். சேமித்தது காகிதத்தில்தான், காற்று இல்லாத மாலையில் வாரியம் வேறெங்கோ விலை கொடுத்து வாங்கித்தான் தர வேண்டும். அதனால்தான் புதிய காற்றாலைகளுக்கு இந்த வசதியை மாநில ஆணையம் சுருக்கியது. காற்றாலைத் தொழிலை வளர்த்தது அந்த ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சேமிப்பின் உண்மையான செலவு யார் கணக்கிலும் ஏறாமல் இத்தனை ஆண்டுகள் போய்விட்டன.

● 2023-ஆம் ஆண்டு மின்நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், வெயில் நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு உச்ச நேரக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்கச் சொல்கிறது. அமல்படுத்துவது மாநில ஆணையங்களின் கையில். வெயில் நேரத்துக்கும் மாலைக்கும் இடையே உள்ள இந்த விலை வித்தியாசம்தான் ஓர் ஆலை தன் வளாகத்தில் சொந்தமாகப் பேட்டரி வைப்பது கட்டுப்படியாகுமா என்பதைத் தீர்மானிக்கும்.

● கட்டண உத்தரவு போடுவதற்கு முன் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலித்தாக வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் கட்டணத்தை மாற்றியபோது கோவை, மதுரை, சென்னை நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. வழக்கறிஞர் வேண்டாம், நுகர்வோர் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், எழுதியும் அனுப்பலாம். அடுத்த கூட்டத்தில் கேட்க மூன்று கேள்விகள்: பேட்டரி வாங்கும் மின்சாரத்துக்கு எந்தக் கட்டணம்? தயாராக நிற்கிறதா என்று அளப்பது யார்? ஊருக்கு நடுவே வரும் பேட்டரி நிலையத்தின் தீயணைப்புத் திட்டத்தை மக்கள் எங்கே பார்க்கலாம்?